பன்னெண்டரை வோல்ட்

கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க தம்பி. இல்ல இல்ல, கீழ வைக்க மாட்டேன், மடியிலேயே இருக்கட்டும். கண்டக்டர் ஏறும்போதே சொன்னாரு, டிரைவர் பக்கத்துல வச்சிருங்க சார்னு. எதுக்கு? வழியெல்லாம் பள்ளம். பேட்டரி தம்பி, பைக் பேட்டரி. புதுசு. பெட்டியே பிரிக்கல பாருங்க. பயப்படாதீங்க, ஆசிட் சிந்தாது, இதெல்லாம் சீல் பண்ணினது. அப்படியே சிந்தினாலும் என் மேலதான் சிந்தும்.

வலங்கைமான் போறேன். நீங்க? கும்பகோணமா. அப்ப நான் இறங்கினப்புறம் தாராளமா காலை நீட்டிக்கலாம். உங்க சீட்டுக்குத்தான் நான் ஓடி வந்தேன், ஜன்னலோரத்துக்கு. காத்துக்காக இல்ல. இந்தப் பக்கத்து ஜன்னல் வேணும், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. பரவால்ல, நீங்க முதல்ல வந்தீங்க, உங்களுக்குத்தானே.

போச்சு, கேட்டைப் போட்டுட்டான். நீடாமங்கலம் கேட்டுன்னா சும்மாவா. இஞ்சினைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டுவான், அது போயி வரும், அப்பறம் ஒரு கூட்ஸு. நாம உக்காந்திருக்க வேண்டியதுதான். முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி. எறங்கி நடக்கலாம்னா கூட வழி இல்ல.

ஒண்ணு கவனிச்சீங்களா? எல்லா வண்டியும் இஞ்சினை அணைச்சிருச்சு. நம்ம டிரைவர் மட்டும் அணைக்கல. பக்கத்துல லாரிக்காரன் திட்டுறான், புகை அவன் மூஞ்சிலதான் போவுது, இவரு காதுலயே வாங்கல. ஏன்னு எனக்குத் தெரியும். அணைச்சா திரும்ப எந்திரிக்காது. பேட்டரி வீக்கு. அந்தப் பயம் இருக்கு பாருங்க, பட்டவனுக்குத்தான் தெரியும். நான் ரெண்டு வருஷம் பட்டவன்.

என் பேரு வைத்தியலிங்கம். மன்னார்குடியில பாலிடெக்னிக்ல வேலை, எலெக்ட்ரிகல் லேபு. இருபத்தாறு வருஷமா கரண்டு பத்திப் பசங்களுக்குச் செஞ்சு காட்டுறவன் நான்தான். வாத்தியாருங்க போர்டுல எழுதிட்டுப் போயிருவாங்க. மீட்டரைக் கையில புடிக்கக் கத்துக்குடுக்கறது நான். இதை எதுக்குச் சொல்றேன்னா, பேட்டரின்னா என்னன்னு எனக்கு ஒருத்தன் சொல்ல வேண்டியதில்ல. அதுக்காகத்தான் சொல்றேன்.

நம்ம வண்டியில கிக்கர் கிடையாது. இப்பல்லாம் கம்பெனிக்காரன் எடுத்துட்டான்ல. செல்ஃப்தான். பட்டனை அமுக்கினா கிளம்பணும், இல்லைன்னா தள்ளணும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில, நல்ல மழை, காலையில அமுக்கறேன், கிர்ர்னு ஒரு இழுவை, அப்பறம் டிக் டிக் டிக். அவ்வளவுதான். என் சம்சாரம் பின்னாடி ஏறத் தயாரா நிக்கிறா, கையில சாப்பாட்டுப் பையி. அவ பஜார்ல ஒரு ரெடிமேட் கடைக்குத் தைக்கப் போவா. நான் போற வழியில இறக்கி விட்டுருவேன். மங்கையர்க்கரசின்னு பேரு. மங்கைன்னு கூப்புடுவேன்.

"மங்கை, கொஞ்சம் தள்ளு"ன்னேன்.

பையை கேட்டுல மாட்டிட்டுத் தள்ளினா. ரெண்டாவது கியர், க்ளட்ச்சைப் புடிச்சுக்கிட்டு, வண்டி வேகம் எடுத்ததும் பட்டுனு விடணும். முதல் நாள் தப்பிப் போச்சு. ரெண்டாம் நாளும் தப்பிப் போச்சு. மூணாம் நாள் அவளே பின்னாலேர்ந்து சொன்னா, "இப்ப விடுங்க." விட்டேன். புடிச்சுக்கிச்சு. அன்னியிலேர்ந்து அதுதான் எங்களுக்கு. அவ "இப்ப விடுங்க"ன்னா விடுவேன், வண்டி கிளம்பிரும். ஒரு நாள் தப்பல. எத்தனை பொம்பளைக்கு அந்தப் பதம் தெரியும் சொல்லுங்க? நானே சொல்லிக் குடுக்கல. அவளாப் புடிச்சுக்கிட்டா.

கிளம்பினதும் நிறுத்த முடியாதுல்ல, முறுக்கறதை விட்டாலே அணைஞ்சிரும். நேரா தெருக்கோடி குளத்துக்கரை வரைக்கும் போயி, திரும்பி, முறுக்கிக்கிட்டே வருவேன். அவ நம்ம வீட்டு வாசல்ல ரெடியா நிப்பா. லேசா வேகத்தைக் குறைச்சா டக்குனு ஏறிக்குவா. புடவைதான் கட்டியிருப்பா, ஒரு கையில பையி, ஏறிக்குவா. தெருவே பாக்கும். ஓடுற பஸ்ஸில ஏறுற காலேஜ் பசங்க தோத்தாங்க போங்க.

பேட்டரியை மாத்தியிருக்கலாமேன்னுதானே கேக்கறீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கறீங்க. பணத்துக்காகன்னு நெனச்சுக்காதீங்க, அது ஒரு பெரிய விஷயமே இல்ல. நல்லா இருக்கறதை எதுக்கு மாத்தறதுங்கறதுதான் பேச்சு. முதல் நாளே மீட்டரை வச்சுப் பாத்துட்டேன். பன்னெண்டரை. பன்னெண்டு வோல்ட் பேட்டரி பன்னெண்டரை காட்டுது. அது எப்படி தம்பி கெட்டுப்போனதாகும்? நான் பொய் சொல்லலாம், நீங்க பொய் சொல்லலாம், மீட்டர் சொல்லுமா?

அன்சாரி பாய்னு ஒரு மெக்கானிக், கீழப்பாலத்துக்கிட்ட கடை. நல்ல மனுஷன். ஆனா படிப்பு கிடையாது. அவர்கிட்ட வண்டியைக் கொண்டுபோனேன், ஒயர்ல எங்கயோ லூசு இருக்கு பாருங்கன்னு. அவரு ஒயரையே பாக்கல.

"அண்ணே, பேட்டரி போச்சு. மாத்திருங்க"ன்னாரு.

"என்ன பாய் பேசறீங்க, பன்னெண்டரை காட்டுது"ன்னேன்.

"உங்க மீட்டரை வையுங்க. ஆங், பன்னெண்டரை. வச்சது அப்படியே இருக்கட்டும். இப்ப செல்ஃபை அமுக்குங்க. கண்ணை மீட்டர்லயே வையுங்க"ன்னாரு.

அமுக்கினேன். டிக்னுச்சு. முள்ளு சர்ருனு ஏழுக்கு விழுந்துச்சு. கையை எடுத்தேன். மெதுவா ஏறி ஏறிப் பழையபடி பன்னெண்டரைக்கு வந்து நின்னுக்கிச்சு.

"பாத்தீங்களாண்ணே? சும்மா இருக்கறப்ப எல்லாம் நல்லாத்தான் காட்டும். வேலை சொன்னாத்தான் தெரியும் உள்ள ஒண்ணும் இல்லைன்னு. அஞ்சு வருஷம் உழைச்சிருக்கு, போதும், விட்டுருங்க"ன்னாரு.

எனக்குக் கோவம் வந்துருச்சு. இருபத்தாறு வருஷம் லேப்ல இருக்கறவனுக்கு, எட்டாங்கிளாஸ் தாண்டாத மனுஷன், நாலு பேரு முன்னால, என் மீட்டரையே வச்சுப் பாடம் எடுக்கறாரு. அப்ப அங்க நம்ம பழைய மாணவன் ஒருத்தன் வேற நின்னுக்கிட்டிருந்தான். "டெர்மினல்ல துரு, அதான் டிராப் ஆவுது"ன்னு சொல்லிட்டு வண்டியைத் திருப்பிட்டேன். அவருகிட்ட ஒண்ணுமே கேக்கல, தள்ளி விடச் சொல்லிக் கூட. நானே பாலம் வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போனேன்.

வீட்டுக்கு வந்து டெர்மினலை வெந்நீர் ஊத்திக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வாஸ்லின் தடவினேன். மறுநாள் ஸ்டார்ட் ஆச்சு! ஒரே அமுக்கு. மங்கையைப் பாத்து ஒரு பார்வை பாத்தேன் பாருங்க. ரெண்டு நாள் ஓடிச்சு. மூணாவது நாள் டிக். அப்பறம் லேபுக்குக் கொண்டுபோயி ஒரு பகல் பூரா சார்ஜ் போட்டேன். ரெண்டு நாள். அப்பறம் மூடியை நெம்பித் தொறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினேன், சீல் பண்ணினதைத் தொறக்கக் கூடாதும்பான், அது தெரியாதவனுக்கு. அதுக்கும் ரெண்டு நாள் ஓடிச்சு.

அந்த ரெண்டு நாளுதான் தம்பி என்னைக் கவுத்துச்சு. சுத்தமாச் செத்துப் போயிருந்தா அன்னிக்கே தூக்கிப் போட்டுருப்பேன். சாகவும் மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் ஆவறப்ப என்ன சந்தோஷம்கறீங்க! மங்கையைக் கூப்பிட்டுச் சொல்லுவேன், "பேட்டரி சரியாயிருச்சு, மாத்தின மாதிரிதான்." மூணு தடவை சொல்லியிருப்பேன். நாலாவது தடவை, "மாத்திட்டேன்"னே சொல்லிட்டேன். மூணாம் நாள் அவளே போயி வண்டிக்குப் பின்னால நின்னுக்கிட்டா. தங்கமான குணம்.

ஆனா ஒண்ணு, வாழ்க்கை மாறிப் போச்சு, அதை ஒத்துக்கறேன். நம்ம பக்கம் தெரியும்ல, தட்டையான ஊரு. மேடுன்னு ஒண்ணு கிடையாது. ஆத்துப் பாலம் ஏறி இறங்குற சரிவுதான் மேடு. அதனால நான் எங்க போனாலும் வண்டியைப் பாலத்துலதான் நிறுத்துவேன். வரும்போது சரிவுல உருட்டி விட்டா கிளம்பிரும். பாலிடெக்னிக்குக்கு முக்கா கிலோமீட்டர் தள்ளி பாமணியாத்துப் பாலம், அங்க நிறுத்திட்டு நடந்து போவேன். மார்க்கெட்டுக்குப் போனாலும் பாலம். பாலம் இல்லாத ஊருக்குப் போறதில்ல.

மங்கையோட தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்து. மண்டபம் நல்ல சமதளத்துல. அவளை மட்டும் இறக்கி விட்டுட்டு, நான் ரெண்டு ஃபர்லாங் தள்ளி வாய்க்கால் மதகு மேல வண்டியை நிறுத்திக்கிட்டு நின்னேன். தாய்மாமன் இல்ல, நான் பெரியப்பாதான், நான் இல்லாம என்ன ஆயிரப்போவுது? அவ இலையில சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கிட்டு வெயில்ல நடந்து வந்தா. "உள்ள எல்லாரும் உங்களைக் கேட்டாங்க"ன்னா. "என்ன சொன்ன?"ன்னேன். "மதகு மேல நிக்கறாருன்னு சொன்னேன்"னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

வேளாங்கண்ணிக்குப் போகணும்னு அவளுக்கு ஆசை, கடல் பாக்க. ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துரலாம்பா. கடற்கரையை யோசிச்சுப் பாருங்க தம்பி, ஒரு இஞ்சு சரிவு உண்டா? மணல் வேற. அங்க எப்படித் தள்றது? இதைச் சொன்னா அவளுக்குப் புரிஞ்சுது. அப்பறம் கேக்கல.

நான் அப்பப்பக் கேப்பேன் தம்பி. கேக்கலைன்னு யாரும் என்னைச் சொல்ல முடியாது. ராத்திரிச் சாப்பாடு ஆனப்புறம், அவ பாத்திரம் கழுவிட்டு வந்து உக்காந்திருப்பா. "என்ன மங்கை, ஏதாச்சும் கஷ்டமா இருக்கா?"ன்னு கேப்பேன். "ஒண்ணுமில்லீங்க"ம்பா. நல்லாத்தான் சொல்லுவா, சிரிச்ச மொகமா. வேறென்ன செய்யணும் ஒரு புருஷன்? வாயத் தொறந்து கேட்டாச்சு. ஒண்ணுமில்லைங்கறா.

கேட்டு இன்னும் திறக்கல பாருங்க. அந்த லாரிக்காரன் எறங்கி டிரைவர்கிட்ட சண்டைக்கே போயிட்டான். போடா போ, உனக்கென்ன தெரியும்.

எங்க விட்டேன்? ஆங், இந்த வருஷம் ஐப்பசி. மறுபடி மழை. தெருவெல்லாம் சேறு. அவ தள்றா, "இப்ப விடுங்க"ன்னா, விட்டேன், புடிச்சுக்கிச்சு, நான் போயிட்டேன். குளத்துக்கரைல திரும்பி வர்றேன், இவ சேத்துல உக்காந்திருக்கா. தள்ளின வேகத்துல வழுக்கிருக்கா போல. எதிர் வீட்டு ஸ்டெல்லா நர்ஸம்மா ஓடி வந்து தூக்கறாங்க. நான் கிட்ட வந்தேன். நிறுத்த முடியாதே! நிறுத்தினா அணைஞ்சிரும், அவளுக்கோ அடிபட்டிருக்கு, யாரு தள்றது? முறுக்கிக்கிட்டே, "மங்கை, ஏறு, நேரமாச்சு"ன்னேன். நர்ஸம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே. அவங்களுக்கு வண்டி பத்தித் தெரியாது.

ஏறிட்டா தம்பி. சேத்தோட ஏறிட்டா. கடையில இறக்கி விட்டேன். சாயந்தரம் கேட்டேன், "வலிக்குதா?" "ஒண்ணுமில்லீங்க."

ரெண்டு நாள் கழிச்சு நான் வேலை விட்டு வர்றேன், கையில மாவுக்கட்டோட உக்காந்திருக்கா. மணிக்கட்டுல எலும்புல கீறலாம். நர்ஸம்மாவோட பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கா. எனக்கு வருத்தமாப் போச்சு. நிஜமாவே வருத்தம். "என்கிட்ட சொல்லக் கூடாதா? நான் வண்டியில கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்ல"ன்னேன்.

"யாரு தள்றது?"ன்னா.

சிரிச்சுட்டேன். அந்த மாதிரி நேரத்துல கூட ஒரு கேலி வருது பாருங்க அவளுக்கு.

அஞ்சு வாரம் மாவுக்கட்டு. அந்த அஞ்சு வாரம் நான் பட்ட பாடு! வண்டியை வீட்டுக்கே கொண்டுவர முடியல. பாலத்துலயே பூட்டிட்டு, காலையில பாலம் வரைக்கும் நடை, சாயந்தரம் பாலத்துலேர்ந்து நடை. மழையில நனைஞ்சு சளி புடிச்சுக்கிச்சு. அவதான் ஒத்தைக் கையால கஷாயம் வச்சுக் குடுத்தா. ஒரு நாள், "அந்தப் பேட்டரியை மாத்திருங்களேன்"னா. அதிசயமாக் கேட்டா. ரெண்டு வருஷத்துல அந்த ஒரு தடவைதான் கேட்டா. நான் மீட்டரைக் கொண்டாந்து அவளுக்கே வச்சுக் காட்டினேன். "இதைப் படி"ன்னேன். படிச்சா. "பன்னெண்டரை"ன்னா. "அப்பறம்?"ன்னேன். எந்திரிச்சு உள்ள போயிட்டா. புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன்.

கட்டைப் பிரிச்சாச்சு. மறுநாள் திங்கக்கிழமை. வண்டி வீட்டு வாசல்ல. வந்தா, தள்ளினா. வழக்கம் போலத்தான். ஒண்ணே ஒண்ணு, "இப்ப விடுங்க"ன்னு சொல்லல. நான் காத்துக்கிட்டே இருக்கேன், சத்தத்தைக் காணோம். சரி, நாமளே விடுவோம்னு விட்டேன். கிளம்பிருச்சு. குளத்துக்கரை போயித் திரும்பி வர்றேன், வாசல்ல அவ இல்ல. கேட்டுல சாப்பாட்டுப் பையி மட்டும் தொங்குது. குடை எடுக்க உள்ள போயிருப்பான்னு இன்னொரு ரவுண்டு போனேன். வந்தேன், இல்ல. இன்னொரு ரவுண்டு. மங்கை, மங்கைன்னு கத்திக்கிட்டே போறேன், இஞ்சின் சத்தத்துல எனக்கே கேக்கல. எறங்கி உள்ள போயிப் பாக்கலாம்னா நிறுத்த முடியாதே. நாலாவது ரவுண்டுல ஸ்டெல்லா நர்ஸம்மா வாசலுக்கு வந்து, "சார், அவங்க பஸ்ஸுக்குப் போயிட்டாங்க"ன்னாங்க.

எந்த பஸ்ஸுன்னு கேட்டேனா? கேக்கல. பையை எட்டி எடுத்து மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன். லேபு இருக்குல்ல. வண்டி வேற கிளம்பியிருச்சு, கிளம்பின வண்டியை வீணாக்க முடியுமா? பையில ஒரு டப்பாதான் இருந்துச்சு. எப்பவும் ரெண்டு இருக்கும். அதை மத்தியானம் தொறக்கறப்பதான் பாத்தேன்.

வலங்கைமான்ல அவ தங்கச்சி வீடு. அங்கதான் இருக்கா. மெயின் ரோட்டுலயே வீடு, முன் ரூம்ல தையக் கடை. நாப்பது நாளாச்சு.

வந்துருவான்னு இருந்தேன். தெருப் பசங்களைத் தள்ளச் சொன்னேன், ரெண்டு தடியனுங்க, தள்றானுங்க தள்றானுங்க, வண்டி இருமுது, கிளம்ப மாட்டேங்குது. ஒத்தைப் பொம்பளை தள்ளினா கிளம்பின வண்டி தம்பி! அவ எங்க கையை வச்சா, எந்த நேரத்துல மூச்சைப் புடிச்சா, ஒண்ணும் தெரியலியே எனக்கு. திரும்பிப் பாத்ததே இல்லியே. பாத்தா க்ளட்ச்சு தப்பிரும். ரெண்டு வருஷம் அவ தள்ளினதை நான் ஒரு நாள் கூடப் பாத்ததில்ல.

வண்டியை வீட்டு நடையில ஏத்தி வச்சுட்டேன். அது பாட்டுக்கு நின்னுச்சு, நான் பாட்டுக்கு இருந்தேன். ஒரு நாள் பொழுது போவாம மீட்டரை எடுத்து வச்சுப் பாத்தேன். பன்னெண்டரை. அசையாமக் காட்டுது. வீட்ல சத்தமே இல்ல, நான் மட்டும் அதும் முன்னால குந்தியிருக்கேன். அமுக்கிப் பாப்பமான்னு கை போவுது. அமுக்கினா விழுந்துரும்னு தெரியும். அமுக்காம இருந்தா பன்னெண்டரை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். கடைசில அமுக்கினேன். டிக். அன்னிக்கு அழுதேன் தம்பி, வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அழுதேன். பேட்டரிக்காகத்தான்.

மறுநாள் அன்சாரி பாய்கிட்ட போயி, புதுசு குடுங்கன்னேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டல மனுஷன். "பழசைக் கொண்டாந்திருக்கீங்களாண்ணே?"ன்னாரு. பழசைக் குடுத்தாத்தான் புதுசு, அது வழக்கம். இல்ல பாய், வீட்லயே இருக்கட்டும்னேன். "அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"ன்னாரு. பன்னெண்டரை காட்டறதை எப்படித் தம்பி தூக்கிக் குடுக்க மனசு வரும்?

புதுசை வண்டியில மாட்டல. பாத்தீங்கல்ல, பெட்டியோட இருக்கு. மாட்டிட்டுப் போன்ல சொன்னா அவ நம்ப மாட்டா. முன்னாடி ஒரு தடவை மாத்திட்டேன்னு சொன்னவன்தானே. அதனால பெட்டியைக் கொண்டுபோயி அவ கையிலயே குடுத்துப் பிரிக்கச் சொல்லணும். இந்தா, மீட்டரும் சட்டைப் பையில இருக்கு. அவளே வச்சுப் பாக்கட்டும்.

போன்ல பேசினேன். பேசாம வருவனா. தங்கச்சி நம்பருக்குப் போட்டு, அவளைக் குடுன்னேன். வந்தா. "மங்கை, புது பேட்டரி வாங்கிட்டேன். சத்தியமா புதுசு"ன்னேன். தையல் மெஷின் சத்தம் கேட்டுச்சு. அப்பறம் சொன்னா, "நல்லதுங்க. இனிமே உங்களுக்கு யாரும் தள்ள வேணாம்."

வச்சுட்டா.

எப்படி அக்கறையாச் சொன்னா பாருங்க. நல்லதுங்கன்னு சொன்னா. கோவம் இருக்கறவ நல்லதுங்கன்னு சொல்லுவாளா? குரல்ல ஒரு நிம்மதி தெரிஞ்சுது எனக்கு. நீங்க என்ன நெனைக்கிறீங்க? இல்ல, சொல்லுங்க. ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க?

ஆ, தொறந்துட்டான், தொறந்துட்டான்! பாருங்க, நம்ம வண்டிதான் முதல்ல போவுது. அணைக்காம இருந்தவன் கெட்டிக்காரன்.

டிக்கெட்டா? ஆமா, கும்பகோணத்துக்குத்தான் எடுத்திருக்கேன். பாத்துட்டீங்களா. கண்டக்டரு கேக்காமயே கிழிச்சுக் குடுத்துட்டாரு, அவருக்கு என்னைத் தெரியும். ஒரு வேளை உள்ள தூங்கிக் கீங்கிப் போயிட்டா எதுக்கு வம்புன்னுதான். போன வாரமும் வந்தேன். அதுக்கு முந்தின வாரமும் வந்தேன். ரெண்டு தடவையும் இந்தப் பெட்டியோடதான். கூட்டம் ஜாஸ்தி, எறங்கத் தோதுப்படல.

குடமுருட்டிப் பாலம் தாண்டிட்டோமா? அப்ப வந்துருச்சு. தம்பி, ஒரு உதவி, கொஞ்சம் பின்னால சாஞ்சுக்குங்க, தலையை மட்டும். இந்த ஜன்னலுக்குத்தான் சொன்னேன். மருந்துக்கடை, அதை அடுத்து டீக்கடை, அதை அடுத்து பச்சைக் கதவு. அதோ. மெஷின் முன்னால உக்காந்திருக்கா பாருங்க, அவதான். மஞ்சப் புடவை. கை ரெண்டும் நல்லா வேலை செய்யுது. யார்கூடவோ பேசிச் சிரிக்கிறா. பாத்தீங்களா? ஒரு கொறையும் இல்ல, நல்லாத்தான் இருக்கா. நான் சொல்லல?

கண்டக்டர் என்னைத்தான் பாக்கறாரு. தெரியுது, தெரியுது. வலங்கைமான் வந்தது எனக்குத் தெரியாதா.

எறங்கிப் போயிக் கூப்பிட்டா இன்னிக்குத் தெரிஞ்சுரும் தம்பி. வர்றேன்பா, இல்லாட்டி வரலைம்பா. வரலைன்னுட்டா அப்பறம் நான் எங்க போறது, சொல்லுங்க? இப்படியே இருந்தா ஒண்ணுமில்ல. நல்லதுங்கன்னுதான் சொல்லியிருக்கா.

விசில் குடுத்துட்டாரு. போவட்டும், வண்டியை நிறுத்தி வச்சா டிரைவருக்கும் கஷ்டம். நீங்க காலை ஒதுக்க வேணாம், அப்படியே உக்காருங்க. கும்பகோணம் போயிட்டுத் திரும்பி வர்றப்ப எறங்கிக்கறேன். திரும்பறப்ப வீடு அந்தப் பக்கம் வரும். அந்தப் பக்கத்து ஜன்னல் புடிக்கணும்.